தெரிதலும் தெளிதலும்: மலைநாட்டு வீதியும் மனுவல் கியர் வண்டியும்

ஒரு பொருளை வாங்குதற்குமுன் அதனை ஆராய்தல் ஒன்று. வாங்கியபின் அதனோடு கூடி வாழ்தல் பிறிதொன்று. ஆராய்வதைத் தெரிதல் என்றும், ஆராய்ந்தபின் ஐயம் நீங்கி அமைவதைத் தெளிதல் என்றும் கூறலாம். திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரத்துக்கே பெயர் சூட்டினார். அவர் கருதியது வினைக்குரிய மாந்தரைத் தேர்ந்தெடுத்தலை. எனினும், நம் உயிரையும் பிறர் உயிரையும் ஒப்படைக்கும் பொறி எதற்கும் அவ்விரு சொற்களும் பொருந்துவனவே.

நம் கல்லூரியிற் பயின்று இன்று உத்தியோகத்திலும் வணிகத்திலும் உயர்ந்து விளங்கும் பழைய மாணவர் பலர், கூட்டங்களிற் சந்திக்கும்போது கேட்கும் வினா ஒன்றுண்டு: “சேர், லான்சர் எவொலூஷன் நல்லதா, சுபாரு இம்பிரெசா நல்லதா?” தமிழாசிரியனிடம் கேட்கும் வினாவா இது என்று நகைப்போர் நகைக்கட்டும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்குமிடையே பல்லாண்டுகளாக ஒரு பழைய மனுவல் கியர் வண்டியை ஓட்டி வருபவன் என்ற உரிமையிலேயே இதற்கு விடை கூறத் துணிகின்றேன்.

இரு கட்சியினர்

மலைநாட்டுக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. பின்னர், 1948இல் பிறந்த மொரிஸ் மைனர் போன்ற சிறு வண்டிகள் நம் ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் சுமந்து இம்மலைகளில் ஏறின. மொரிஸ் மைனருக்கு நான்கு கியர்கள். முதலாம் கியருக்குச் சுழற்சியைச் சமன்செய்து கொடுக்கும் பல்லிணைப்பு இல்லை. ஆகவே, ஓடும் வண்டியை முதலாம் கியருக்கு இறக்க வேண்டின், கிளச்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சினின் வேகத்தைச் சாரதியே சமன்செய்தல் வேண்டும். அந்தத் தலைமுறையினர் கியரைக் காதாற் கற்றனர்.

இளைஞர் இன்று வாதிடும் இரு வண்டிகளும் 1992ஆம் ஆண்டு ஜப்பானிற் பிறந்தவை: ஒன்று மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன், மற்றது சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். அக்காலத்து உலக ரலி ஓட்டப் பந்தயத்தின் விதி, பந்தயத்திற் கலந்துகொள்ளும் வண்டியினத்தை ஆயிரக்கணக்கிற் பொதுமக்களுக்கும் விற்றல் வேண்டும் என்பது. அதனால், குடும்பத்தோடு செல்லத்தக்க நான்கு கதவு வண்டிக்குள் பந்தய எஞ்சினும் பந்தயக் கால்களும் புகுந்தன. 1995இல் கொலின் மக்ரே சுபாருவில் உலக வீரரானார். 1996 முதல் 1999 வரை நான்காண்டு தொடர்ந்து டொமி மக்கினன் மிட்சுபிஷியில் அப்பட்டத்தைப் பெற்றார். அவ்வளவே, அன்று தொடங்கிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இரண்டுக்கும் ஒற்றுமை பல. இரண்டு லீற்றர் எஞ்சின், அதற்குக் காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ, நான்கு சில்லுகளுக்கும் செல்லும் இழுவிசை, கையால் மாற்றும் ஐந்து அல்லது ஆறு கியர்கள் என்பன இரண்டுக்கும் பொது. முதன்மையான வேற்றுமை எஞ்சினின் கிடக்கையிலுள்ளது. லான்சரின் நான்கு உருளைகளும் ஒரே வரிசையில் நிமிர்ந்து நிற்பன. சுபாருவின் உருளைகளோ இருபுறமும் இவ்விரண்டாகக் கிடையாகப் படுத்திருப்பன. அதனாற் சுபாருவின் பாரம் நிலத்தை அண்டியிருக்கும். வளைவிற் சாய்வு குறையும். ஆனால், அவ்வெஞ்சினின் தீப்பொறிச் செருகிகளை மாற்றக் கையை எங்கே நுழைப்பது என்று திருத்துபவர் திகைப்பார். ஒரு நன்மைக்கு ஒரு விலை என்பது இயந்திர உலகத்து நியதி.

மலை வைக்கும் சோதனை

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி, கொழும்பிலிருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கே. எஞ்சின் பெற்றோலை மட்டும் உண்பதன்று, காற்றையும் உண்பது. ஆகவே, டர்போ இல்லாத வண்டி மேலே வந்ததும் தன் வலுவில் ஆறிலொரு பங்கை இழந்துவிடுகின்றது. கொழும்பிற் பாய்ந்தோடிய வண்டி நானுஓயா ஏற்றத்தில் மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே. டர்போ மெல்லிய காற்றையும் அமுக்கி ஊட்டுவதால் அவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்கின்றது. இவ்வகையில் அவ்விரு வண்டிகளும் மலைக்கு ஏற்றவையே.

ஆனால், டர்போ எந்நேரமும் விழித்திருப்பதன்று. எஞ்சின் தாழ்ந்த வேகத்திற் சுழலும்போது அது உறங்கும். வேகம் ஏறியதும் திடீரென எழும். இறம்பொடையின் கொண்டையூசி வளைவில் மூன்றாம் கியரில் நுழைந்தவன், எழாத டர்போவை எதிர்பார்த்துக் காத்திருப்பான். வளைவு முடியும் தறுவாயில் அது எழுந்து, ஈரவீதியில் அவனைத் தள்ளும். முன்னரே இரண்டாம் கியருக்கு இறக்கியவனுக்கு அவ்விடர் இல்லை. மனுவல் கியரின் சிறப்பு இங்குதான் விளங்குகின்றது. சாதாரண ஓட்டோ கியர் வளைவை அடைந்த பின்னரே அதனை உணரும். மனிதக் கண்ணோ வளைவை முன்கூட்டியே காணும். கண்ட கண்ணுக்குக் கை கீழ்ப்படிந்தாற் போதும். கீழ்ப்படியாத கைக்கு மனுவல் கியராற் பயனில்லை.

இறக்கமே உரைகல்

வண்டி வாங்குவோர் யாவரும் ஏற்றத்தையே எண்ணுகின்றனர். நானோ இறக்கத்தையே எண்ணுக என்பேன். நுவரெலியாவிலிருந்து ஹட்டன் ஏறக்குறைய 600 மீற்றர் தாழ்வானது. ஆட்களோடு 1,600 கிலோகிராம் நிறையுள்ள வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, நுவரெலியாக் குளிர்நீர் 25 லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதியது. அவ்வெப்பத்தின் ஒரு பகுதியைக் காற்றும் வீதியும் ஏற்கும். எஞ்சியதை ஏற்பது எஞ்சினா, பிரேக்கா என்பதே வினா.

கியரை இறக்கி, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டாற் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறினால் அதன் உராய்வு குறையும். பிரேக் ஒயில் கொதித்தாற் கால்மிதி வெறுமையாகத் தாழ்ந்துபோகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் தரத்து ஒயில் புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். மழையும் மூடுபனியும் நீங்காத நம் பிரதேசத்தில், இரண்டாண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் கட்டாயம்.

நியூட்ரலில் உருட்டினாற் பெற்றோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் உண்டு. இக்காலத்து எஞ்சின்களைப் பொறுத்தமட்டில் அது பிழை. கியர் பூட்டிய நிலையிற் காலை எடுத்தால், எரிபொருள் ஊட்டல் அடியோடு நிறுத்தப்படும். நியூட்ரலிலோ எஞ்சின் உயிரோடிருக்கப் பெற்றோலைக் குடித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே, நியூட்ரலில் இறங்குபவன் பிரேக்கையும் இழக்கிறான், பெற்றோலையும் இழக்கிறான்.

நான்கு சில்லு இழுவிசை பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. அது வழுக்கும் வீதியில் வண்டியைப் புறப்படச் செய்யும், நிற்கச் செய்யாது. பிரேக் எல்லா வண்டிகளுக்கும் நான்கு சில்லுகளிலும் உண்டு. விரைவாகப் புறப்பட முடிந்தவன் விரைவாக நிறுத்தவும் முடியும் என்று எண்ணிவிடுகின்றான். அதுவே ஆபத்து.

இவை ஏட்டுக் கணக்குகள் அல்ல. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதெல்லப் பகுதியில் ஒரு பஸ்ஸும் ஒரு வானும் ஒரு முச்சக்கரவண்டியும் மோதுண்டு 7 பேர் மாண்டனர். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியிற் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். எவர் குற்றம் என்று ஆராய்வது நம் நோக்கமன்று. இவ்வீதிகள் தவறை மன்னிப்பதில்லை என்பதை மட்டும் நெஞ்சிற் கொள்ளுக.

கூடி வாழ்தல்

இனி, வாங்கியபின் வரும் வாழ்க்கை. அவ்விரு வண்டிகளும் உயர்ந்த ஒக்டேன் பெற்றோலுக்கென அமைக்கப்பட்டவை. நம் நாட்டில் 92, 95 எனும் தரங்களே வழக்கமானவை. 95 ஐயே இடுதல் வேண்டும். சிறு பட்டினங்களில் அது எந்நேரமும் கிடைக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. 2022இல் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரே அளிக்கப்பட்டது. மலைவீதியில் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 160 கிலோமீற்றர்; கொழும்புக்குப் போனவன் திரும்பிவர வழியில்லை.

இறக்குமதியும் அவ்வாறே. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. லான்சர் எவொலூஷன் இன்று உற்பத்தியாவதில்லை. ஆகவே, கிடைப்பவை பலர் கைமாறிய பழைய வண்டிகளே. முந்தியவர் டர்போவின் அமுக்கத்தை ஏற்றிப் பந்தயம் ஓடினாரா, எஞ்சினைத் திறந்தாரா என்பதை ஆராயாது வாங்குதல், குலமும் குணமும் கேளாது பெண் கொடுப்பது போலாகும்.

எவொலூஷனின் ஒன்பதாம் வடிவம் வரையுள்ள எஞ்சினுக்கும், இம்பிரெசாவின் பழைய எஞ்சினுக்கும் டைமிங் பெல்ட் உண்டு. ஏறக்குறைய 1,00,000 கிலோமீற்றருக்கொருமுறை அதனை மாற்றவேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் பாழாகும். 2007இல் வந்த பத்தாம் எவொலூஷனிற் பெல்டுக்குப் பதிலாகச் சங்கிலி அமைந்தது. மாற்றிய சான்று இல்லாத வண்டியாயின், வாங்கிய அன்றே மாற்றுக.

தோட்டப்பாதை மற்றொரு பகை. பந்தய வண்டி தாழ்வானது. லயத்துக்குச் செல்லும் கற்பாதையிலும், மதகுகளின் மேட்டிலும் அதன் அடிவயிறு தட்டும். ஒயில் தொட்டி பிளந்தாற் பயணம் அங்கேயே முடியும். ஏற்றத்தில் நிற்கும்போது கிளச்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்குவோர், சில மாதங்களிலேயே கிளச்சைத் தேய்த்துவிடுவர். கைப்பிரேக் அதற்காகவே உள்ளது.

எதனைத் தெரிவது?

கேட்ட வினாவுக்கு என் விடை இது. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை போன்ற இடங்களில் வாழ்ந்து, ஒரே வண்டியில் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் கோயிலுக்கும் செல்ல வேண்டியவர் அவ்விரண்டையும் விடுக. டர்போ இல்லாத, 1,500 அல்லது 1,600 சீ.சீ. எஞ்சினுள்ள, நல்ல நிலையிலிருக்கும் சாதாரண மனுவல் செடான் போதும். ஆறிலொரு பங்கு வலு குறைந்தாலும், சரியான கியரில் அது எந்த மலையும் ஏறும். அதைவிட முக்கியமாக, எந்த மலையும் இறங்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் நான்கும் பிரேக்கும் வாங்குக.

வசதியும் வேட்கையும் உடையவராய், இரண்டிலொன்றே வேண்டும் என்பவருக்கு லான்சரைச் சொல்வேன். அதன் வேகம் காரணமன்று. லான்சர் இனத்தைப் பழகிய மெக்கானிக்குகள் நம் பட்டினங்களில் உளர். கிடையெஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கைகள் அரியன. வண்டியைத் தெரியுமுன் அதனைத் திருத்துபவரைத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை. சுபாருவை முன்னரே வாங்கிவிட்டவர் வருந்தவேண்டியதில்லை. அதுவும் நல்ல வண்டியே. அயலான் வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை நிறுத்தி, அதன் ஒயிலையும் பெல்டையும் டயரையும் பேணுக. தெளிதல் என்பது அதுவே.

மாணவர்களே, இறுதியாக ஒன்று. ‘எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு’ என்பது லொறிச் சாரதிகளின் பழைய பாடம், அதனை மறவாதீர். இவ்வீதிகளின் ஓரத்திற் கொழுந்துக் கூடையுடன் நடப்பவர் நம் தாய்மார். மூடுபனியிற் புத்தகப்பையோடு நடப்பவர் நம் தம்பி தங்கையர். வீதி முதலில் நடப்பவருக்குரியது, பின்னரே ஓட்டுபவருக்குரியது. பந்தயத் திறனைக் காட்ட மஹகஸ்தொட்ட உண்டு. அங்கு வீதி மூடப்பட்டிருக்கும், காவலும் இருக்கும். பொதுவீதியிற் காட்டத்தக்க திறன் ஒன்றே: புறப்பட்ட அனைவரையும் வீடு சேர்த்தல்.

கல்லூரித் தாயின் புகழ் ஓங்குக! அவள் மைந்தர் செல்லும் வழியெல்லாம் நலம் சூழ்க!