புகைப்படக்கலையும் புத்தக அறிவும்

கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் இன்று புகைப்படம் எடுக்கலாம். ஆனால், அதையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர் இரண்டு பாடங்களைக் கற்க வேண்டும். ஒன்று, ஒளியைக் கையாளும் கலை. மற்றொன்று, அக்கலையைக் கொண்டு வருமானம் ஈட்டும் வழி. இவ்விரண்டையும் கற்றுத்தரும் நூல்கள் பொது நூலகங்களில் கிடைக்கின்றன. டியூவி பகுப்புமுறையைப் பின்பற்றும் நூலகங்களில், புகைப்படக்கலை நூல்கள் 770ஆம் எண்ணின்கீழும் வணிக நிர்வாக நூல்கள் 658ஆம் எண்ணின்கீழும் அடுக்கப்பட்டிருக்கும்.

புகைப்பட நூல்கள் பெரும்பாலும் ஒளியளவிலிருந்தே பாடத்தைத் தொடங்குகின்றன. லென்ஸின் துளை, ஷட்டரின் வேகம், ஐஎஸ்ஓ எண் ஆகிய மூன்றும் சேர்ந்தே படத்தின் வெளிச்சத்தை முடிவு செய்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/125 நொடியிலிருந்து 1/250 நொடியாகக் குறைத்தால், உள்ளே வரும் ஒளி பாதியாகிவிடும். ஓட்டப்பந்தய வீரரின் உருவம் கலங்காமல் பதிய இந்த வேகம் உதவும். ஆனால், இழந்த ஒளியை ஈடுசெய்யத் துளையைப் பெரிதாக்க வேண்டும் அல்லது ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்த வேண்டும். தானியங்கி முறையில் கேமராவே இவற்றை முடிவு செய்துவிடுவதால், காரணம் நமக்குப் புலப்படுவதில்லை. அந்தக் காரணத்தை நூல்கள் விளக்குகின்றன.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எழுதிய ‘தி கேமரா’, ‘தி நெகட்டிவ்’, ‘தி பிரிண்ட்’ ஆகிய மூன்று நூல்களும் 1980 முதல் 1983 வரையிலான ஆண்டுகளில் வெளிவந்தன. அவை படச்சுருள் காலத்து நூல்கள். ஆயினும், ஒளியின் இயல்பு மாறாததால் அவற்றுக்கு இன்றும் வாசகர்கள் இருக்கின்றனர்.

தொழில் நூல்கள் வேறொரு கணக்கைக் காட்டுகின்றன. ஒருவர் 600 வெள்ளிக்கு ஒரு திருமணத்தைப் படம்பிடிப்பதாகக் கொள்வோம். படம் எடுக்க 8 மணி நேரமும், படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்த 22 மணி நேரமும் ஆகின்றன. உதவியாளர் ஊதியம், போக்குவரத்து, ஆல்பம் அச்சிடுதல் ஆகியவற்றுக்கு 360 வெள்ளி செலவாகிறது. எஞ்சும் 240 வெள்ளியை 30 மணி நேரத்திற்குப் பகிர்ந்தால், ஒரு மணி நேரத்திற்கு 8 வெள்ளிதான் கிடைக்கும். கேமராவின் தேய்மானம் இதில் சேரவில்லை. இக்கணக்கை அறியாதவர், படங்கள் பாராட்டப்பட்டாலும் தொழிலில் நிலைத்திருப்பது கடினம்.

உரிமை பற்றிய அறிவும் தேவை. சிங்கப்பூரில் முன்பு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை பொதுவாக வாடிக்கையாளருக்கே உரியதாக இருந்தது. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால் அவ்வுரிமை படம் எடுத்தவருக்கே சேரும். மலேசியாவிலோ, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் அது எடுக்கச் சொன்னவரைச் சேரும். எனவே, ஒப்பந்தத்தை எழுதி வைத்துக்கொள்வது எங்கும் நல்லது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஒளியைப் பற்றிய பழைய நூல் இன்றும் வழிகாட்டும். ஆனால், விலையும் சட்டமும் காலத்திற்கும் நாட்டிற்கும் ஏற்ப மாறுபவை. ஆகவே, தொழில் நூலைத் திறந்தவுடன் அது எந்த ஆண்டில், எந்த நாட்டில் வெளியானது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. ஓர் அத்தியாயத்தைப் படித்ததும், ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் வேகங்களில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளி விழாவைப் படம்பிடித்தால், செலவிட்ட நேரத்தையும் குறித்து வைக்கலாம். இவ்வாறு படித்ததைக் கையால் செய்து பார்க்கும்போதுதான் புத்தக அறிவு தொழிலறிவாக வளரும்.