‘மேலூர்’ என்னும் சொல்லில் பெரிய எழுத்து எது?

‘மேலூர்’ என்னும் ஊர்ப்பெயரில் மே, லூ, ர் என மூன்று எழுத்துகள் உள்ளன. நெடுங்கணக்கு வரிசையில் மகரம், யகரம், ரகரம், லகரம் என வருவதால் இவற்றுள் பிற்பட்டது ‘லூ’. இதே வினாவை ஜாவா நிரலிடம் கேட்டால், ரகரத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியே பெரியது என்னும்!

நிரலின் வழிமுறை எளியது. சரத்தின் முதற்குறியை ஒரு மாறியில் இட்டு, அதுவே பெரியது எனத் தற்காலிகமாகக் கொள்க. அடுத்து வரும் குறிகளை ஒவ்வொன்றாக அதனோடு ஒப்பிடுக. பெரியது வந்தால் மாறியில் அதனை இடுக. சிறியதைக் காண ஒப்பீட்டைத் திருப்பினால் போதும். மாறியின் தொடக்க மதிப்பாகச் சுழியத்தை இடுவோர் உண்டு. சிறியதைத் தேடும்போது அது தவறான விடையே தரும். சுழியத்தினும் சிறிய குறி ஏது? வெற்றுச் சரத்தில் முதற்குறியே இல்லை என்பதால் அதனை முன்னரே சோதித்தல் வேண்டும்.

கணினி ஒப்பிடுவது ஒருங்குறி எண்களை. ஜாவாவுக்கு ‘மேலூர்’ ஆறு குறிகள் கொண்ட சரம்: ம 2990, ஏகாரக் குறி 3015, ல 2994, ஊகாரக் குறி 3010, ர 2992, புள்ளி 3021. ஆகவே சிறியது ம. பெரியது, தனித்து ஒலிக்கவே இயலாத புள்ளி.

துணைக்குறிகளை நீக்கினாலும் சிக்கல் தீராது. 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்தியக் குறியேற்றத் தரம், இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அடுக்கில் எழுத்துகளை அமைத்தது. ஒருங்குறி அதனைப் பின்பற்றியது. அதனால்தான் க 2965-க்கும் ங 2969-க்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. அவை பிற மொழிகளின் வருக்க எழுத்துகளுக்கு உரியவை. தமிழுக்கே சிறப்பான னகரம் நகரத்தை அடுத்து 2985-இல் நிற்கிறது; றகரம் ரகரத்தை அடுத்து 2993-இல் நிற்கிறது. தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்வரிசையின் இறுதியில் நின்ற னகரம், இங்குப் பகரத்துக்கும் முந்திவிட்டது. பதினெட்டு மெய்களுள் இறுதியிடம் பெற்றது வகரம்.

பள்ளி வருகைப் பதிவேட்டை எண்ணிறுதியாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால், மரகதத்துக்கு முன்னர் மனோகரன் வந்துவிடுவான். அகராதியில் தேடுவோருக்கும் இதே இடர்ப்பாடுதான்.

தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு ‘டேஸ் 16’ என்னும் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. எனினும் உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே. எனவே நிரலை எழுதுவோர்தாம் வரிசையைக் கற்பிக்க வேண்டும். முதலில் துணைக்குறியை அதற்குரிய மெய்யோடு சேர்த்து ஓரெழுத்தாக்குக. பின்னர் ஒருங்குறி எண்ணை விடுத்து, நெடுங்கணக்கில் அவ்வெழுத்துப் பெறும் இடத்தை ஒப்பிடுக. மகரம் பத்தாம் மெய். ரகரம் பன்னிரண்டாம் மெய். லகரம் பதின்மூன்றாம் மெய். வழிமுறை பழையதே; ஒப்பிடும் எண்கள் மாறியதால் விடை ‘லூ’ என வரும்.