உயரம் போதாத ஆட்டக்காரர்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று பெயரிட்டு அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை மிகக் குறைவு. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், தூக்கி எறிவதுமே அதில் பெரும்பகுதி. பந்தும் நாம் உதைத்துப் பழகிய உருண்டைப் பந்து அன்று. இருமுனையும் கூர்ந்து நீண்டிருக்கும். ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் 10 கஜம் முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிர்க்கட்சியின் கைக்குப் போய்விடும். இவ்வாறு சிறிது சிறிதாக நிலத்தைக் கவர்ந்து சென்று எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளிகள். எதிரியின் எல்லைக்குள் பாய்வதில் உள்ள விறுவிறுப்பைச் சடுகுடு ஆடிய நீங்கள் எளிதில் உணர்வீர்கள்.

இந்த ஆட்டத்தின் படைத்தலைவர் 'குவார்ட்டர்பேக்' எனப்படுபவர். ஏறக்குறைய ஒவ்வொரு வாய்ப்பின் தொடக்கத்திலும் பந்து அவர் கைக்கே வரும். தம் கட்சியின் தடித்த வீரர்கள் ஐவர் முன்னே அரண் போல் நிற்பார்கள். அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு எதிரிகள் பாய்ந்து வருவார்கள். மூன்று நான்கு நொடிகளுக்குள், முன்னே ஓடும் தோழர்களில் யாரிடம் பந்தை எறிவது என்று அவர் தீர்மானிக்க வேண்டும். அரண் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆறு அடிக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் வளர்ந்தவர்கள். அவர்கள் தலைக்கு மேலாகப் பார்க்க முடியாதவர் எப்படிக் குறி வைப்பார்? குவார்ட்டர்பேக் நெட்டையராக இருந்தே தீர வேண்டும் என்ற கோட்பாடு இதிலிருந்து பிறந்தது. அது மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடியதன்று. அதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு நியாயம் என்பதுதான் கேள்வி.

டக் புளூட்டி என்பவரின் உயரம் 5 அடி 10 அங்குலம். நம் ஊரில் அந்த உயரமுள்ளவரை வளர்த்தியான ஆள் என்போம். அமெரிக்கப் பந்தாட்டக் களத்தில் அவர் சிறுவராகத் தோன்றினார். 1962-ஆம் ஆண்டு பிறந்த அவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நேட்டிக் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஆடிப் பெயர் பெற்றார். ஆயினும் முதல்தரப் பல்கலைக்கழகங்களில் அவருக்கு இடமளிக்க முன்வந்தது பாஸ்டன் கல்லூரி ஒன்றே. பெயர் கல்லூரி, உண்மையில் அது பல்கலைக்கழகம். சென்னை லயோலா கல்லூரியை நடத்தும் இயேசு சபையாரே 1863-இல் அதையும் நிறுவினர்.

1981-இல் சேர்ந்தபோது அவர் வரிசையின் கடைசியில் இருந்த ஆட்டக்காரர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் ஆடித் தோற்றுக்கொண்டிருந்த ஒரு நாள், இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் அவரைக் களத்தில் இறக்கினார்கள். அன்று தோல்வி மாறவில்லை. ஆனால் அவருடைய இடம் மாறிவிட்டது. 1943-க்குப் பின் பருவ இறுதிச் சிறப்பு ஆட்டம் எதற்கும் அழைக்கப்படாதிருந்த அந்தக் கல்லூரி, 1982-இல் மீண்டும் அழைப்புப் பெற்றது. தம் நான்காண்டு மாணவப் பருவத்தில் புளூட்டி எறிந்து ஈட்டிய தூரம் 10,579 கஜம். அதுவரை எந்தக் கல்லூரி வீரரும் எட்டாத அளவு அது.

1984 நவம்பர் 23. மயாமி நகரில் மயாமி பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். அந்த அணி 45, பாஸ்டன் 41. எஞ்சியிருந்தவை 6 நொடிகள். கடக்க வேண்டியவை 48 கஜம். புளூட்டி பந்தை வாங்கி வலப்புறமாகப் பின்வாங்கினார். துரத்தியவர்களிடமிருந்து விலகி ஓடியதில் தூரம் இன்னும் கூடிற்று. பின்பு முழு வலிமையும் சேர்த்து எறிந்தார். பந்து 60 கஜத்துக்கு மேல் வானத்தில் பறந்தது. இத்தகைய கடைசி முயற்சியை அமெரிக்கர் 'ஹெயில் மேரி' என்பர். 'அருள் நிறைந்த மரியே' என்று நம் நாட்டுக் கத்தோலிக்கர் சொல்லும் செபத்தின் ஆங்கிலப் பெயர் அது. அவ்வளவு தூரம் இவரால் எறிய முடியாது என்றெண்ணித்தான் மயாமி வீரர்கள் ஜெரார்டு பெலனைத் தங்களைத் தாண்டி ஓட விட்டுவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. பெலன் புளூட்டியின் அறைத்தோழர். பந்து அவர் மார்பில் வந்து தங்கியது. 47-க்கு 45. சில நாட்களில், கல்லூரி வீரர்களுக்குரிய தலைசிறந்த விருதான ஹைஸ்மன் பரிசு புளூட்டிக்குக் கிடைத்தது.

இனி வந்தது தொழில்முறை ஆட்டம். 1985-இல் தேசியச் சங்கத்தின் அணிகள் முறைவைத்து வீரர்களைத் தெரிந்தெடுத்தபோது, 336 பேரில் புளூட்டி 285-ஆவது ஆளாக அழைக்கப்பட்டார். அவர் ஏற்கெனவே போட்டிச் சங்கம் ஒன்றில் ஒப்பந்தம் செய்திருந்தது ஒரு காரணம். அளவுகோல் மற்றொரு காரணம். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழி அந்தத் தேர்வாளர்களின் காதில் விழவில்லை போலும்! போட்டிச் சங்கம் விரைவில் கலைந்தது. சிகாகோவிலும் நியூ இங்கிலாந்திலும் அரைகுறையாக ஆடவிட்டு, 1989-க்குப் பின் அவரைக் கைவிட்டார்கள்.

அவர் கனடாவுக்குப் போனார். அங்கே களம் 110 கஜ நீளமும் 65 கஜ அகலமும் உடையது. அமெரிக்கக் களத்தின் அகலமோ 53 கஜத்துக்குச் சற்று மேல். வாய்ப்புகள் மூன்றே ஆதலால் பந்தை எறிவது மிகுதி. அகன்ற வெளியில் பக்கவாட்டில் ஓடிச் சென்று எறிபவருக்கு, முன்னே நிற்கும் அரண் கண்ணை மறைப்பதில்லை. கோட்பாட்டின் நியாயம் எதுவரை செல்லும் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது: ஒரே இடத்தில் நின்று எறிபவருக்கே உயரம் இன்றியமையாதது. கனடாவில் எட்டுப் பருவங்களில் ஆறு முறை அவர் தலைசிறந்த வீரராகத் தேர்வு பெற்றார்; மூன்று முறை கிரே கோப்பையை வென்ற அணியில் இருந்தார்.

1998-இல், 35 வயதில், பபலோ அணி அவரைத் துணை ஆட்டக்காரராகத் திரும்ப அழைத்தது. முதல்வர் காயமுற, இவர் ஆடி வென்றார். அடுத்த பருவத்திலும் அணியை இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டு சேர்த்தார். ஆனால் 2000 ஜனவரி 8-ஆம் நாள், முதல் இறுதிச்சுற்று ஆட்டத்திற்கு, அவரை உட்காரவைத்துவிட்டு 6 அடி 4 அங்குலமுள்ள இளைஞரை இறக்கினார்கள். அணி தோற்றது. அவர் ஆடியிருந்தால் வென்றிருக்குமா என்று யார் சொல்ல முடியும்? அந்தக் கேள்வி பபலோவில் பல்லாண்டு நீடித்தது.

2006-இல் புளூட்டி ஓய்வு பெற்றார். பின்னர் ஆடும் முறையே மெல்ல மாறிற்று. குவார்ட்டர்பேக் அரணிலிருந்து சில கஜம் தள்ளி நின்று பந்தை வாங்குவதும், ஓடிக்கொண்டே எறிவதும் பெருவழக்காயின. 2019-இல் கைலர் மரே என்னும் கல்லூரிக் குவார்ட்டர்பேக்கைத் தேசியச் சங்கத்தார் அனைவருக்கும் முதல்வராகத் தெரிந்தெடுத்தார்கள். தேர்வுக்கு முன் அவரையும் அளந்து பார்த்தார்கள். 5 அடி 10 அங்குலம் இருந்தார்.