கரியமில வாயுவுக்கு அப்பால்: வி. ராமநாதனின் ஆய்வும் உலக உடன்படிக்கைகளும்

புவி வெப்பமாதல் என்றாலே கரியமில வாயுதான் என்றிருந்த காலத்தில், வேறு வாயுக்களும் வளிமண்டலத்தைக் கடுமையாகச் சூடாக்குகின்றன என்று கணக்கிட்டுக் காட்டியவர், மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று அமெரிக்காவில் வளிமண்டல அறிவியலாளரான வீரபத்ரன் ராமநாதன். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் அன்று தாராளமாகப் பயன்பட்டுவந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களைப் பற்றிய அவரது கட்டுரை 1975இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. புவியிலிருந்து விண்வெளிக்குத் திரும்பும் அகச்சிவப்புக் கதிர்களில் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை அலைநீளம் உடையவை நீராவியாலும் கரியமில வாயுவாலும் அதிகம் தடுக்கப்படாமல் வெளியேறிவிடும். வளிமண்டலச் சாளரம் எனப்படும் அந்த வழியை இவ்வாயுக்கள் அடைத்துவிடுவதால், இவற்றின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் ஏறத்தாழ 10,000 மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இளமையில் இந்தியாவில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வாயுக்கசிவை ஆராயும் பொறியாளராக அவர் வேலை பார்த்திருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஓசோன் படலத்தைக் காக்கவென்று 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கை இவ்வாயுக்களைப் படிப்படியாக ஒழித்ததனால், பருவநிலைக்கென்றே எழுதப்பட்ட கியோட்டோ உடன்படிக்கையின் முதற்கட்ட இலக்கைக் காட்டிலும் அதிக வெப்பமாதலைத் தடுத்தது. மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிட்டாலும் சூட்டைக் கூட்டுபவை. அவற்றைக் குறைத்தால் 2100க்குள் அரை டிகிரி செல்சியஸ் வரை வெப்பமாதலைத் தவிர்க்கலாம் என்று ராமநாதன் பங்கேற்ற 2013ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. மூன்றே ஆண்டுகளில் ருவாண்டாவின் கிகாலி நகரில் அதற்காக மான்ட்ரியல் உடன்படிக்கையில் ஒரு திருத்தம் நிறைவேறியது.

சூரிய ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும் புகைக்கரி விஷயத்திலோ அறிவியல் முந்தியது, கொள்கை பின்தங்கியது. ராமநாதனும் வளிமண்டல வேதியியலாளர் பால் க்ரூட்ஸனும் தலைமை ஏற்ற 'இந்தியப் பெருங்கடல் பரிசோதனை' 1999இல் தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவும், புகைக்கரி கலந்த பழுப்புநிற மாசுப்படலத்தை அளந்தது. 2006இல் மாலத்தீவின்மேல் ஆளில்லாச் சிறு விமானங்கள் மூன்று, படலத்துக்குக் கீழே ஒன்று, உள்ளே ஒன்று, மேலே ஒன்று என ஒரே நேரத்தில் பறக்கவிடப்பட்டன; சூரிய ஒளியால் கீழ்வளிமண்டலத்தில் உண்டாகும் சூட்டை அப்படலம் ஏறத்தாழ 50 சதவீதம் கூட்டுவது அதில் தெரியவந்தது. சிக்கல் என்னவெனில், புகைக்கரியோடு கலந்துவரும் சல்பேட் துகள்கள் ஒளியைத் திருப்பியனுப்பிப் புவியைக் குளிர்விப்பவை. ஆகவே அத்துகள்களைத் தரும் நிலக்கரிப் புகையை மட்டும் தூய்மைப்படுத்தினால், இதுவரை மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும்.

புகைக்கரி காற்றில் சில நாட்களே தங்குவதால் அதைக் குறைத்த பலன் விரைவில் கிடைக்கும் என்ற வாதத்தின் மேல் 2012இல் ஒரு பன்னாட்டுக் கூட்டணி தோன்றியது, எனினும் அது விருப்பத்தின்பேரில் சேரும் அமைப்பே. குளிர்பதன வாயுக்களைச் செய்தவை விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்கள், மாற்றுப்பொருளும் அவற்றின் கைவசம் இருந்தது. புகைக்கரியோ விறகடுப்பிலும் செங்கற்சூளையிலும் டீசல் வண்டியிலும் பிறப்பது, அங்கே கையெழுத்துக்குக் கட்டுப்படுபவர் யார் என்பதைவிட எரிவாயு உருளையின் விலை என்ன என்பதே பெரிய கேள்வியாக இருக்கிறது.