காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்

கொல்லிமலையில் கடை வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் பலரிடம் இன்று சிறிய கார் இருக்கிறது. நாமக்கல்லுக்கு இறங்கிச் சரக்கு எடுத்து, நாலு சிப்பம் அரிசியும் இரண்டு எண்ணெய் டின்னும் டிக்கியில் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். அதே காருக்கு வீட்டுப் பிள்ளைகள் கட்டை ஸ்பிரிங் வாங்கி, வாசலிலேயே ஜாக்கி போட்டு மாட்டித் தாழ்த்திவிட ஆசைப்படுகிறார்கள். அது என்ன, மாட்டலாமா என்று கேட்போருக்காக இதை எழுதுகிறோம்.

ஸ்பிரிங்கின் வேலை தராசுக்காரர்களாகிய நமக்குப் புதிதல்ல. எடை வைத்தால் அமுங்கும், எடுத்தால் எழும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பதே அதன் விறைப்பு. தாழ்த்தும் ஸ்பிரிங் உயரத்தில் குறைவாகவும் விறைப்பில் கூடுதலாகவும் இருக்கும். உயரத்தை மட்டும் குறைத்தால் சிறு குழியில் விழுந்தாலும் அடிவரை அமுங்கி ரப்பர் கட்டையில் இடிக்கும். அதனால்தான் விறைப்பைக் கூட்டுகிறார்கள்.

காசு மிச்சம் என்று பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடுவோரும் உண்டு. ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அறுத்த முனை தன் கிண்ணத்தில் சரியாக உட்காராது. கேஸ் வைத்துச் சூடு காட்டி அமுக்குவது அதைவிட மோசம், எஃகின் பதம் போய்விடும். நாமக்கல்லில் லாரிப் பட்டை அடிக்கும் எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இனி நம் சரக்கின் கணக்கு. பின்பக்கம் தரையிலிருந்து 160 மில்லிமீட்டர் உயரம், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் மில்லிமீட்டருக்கு 2 கிலோ தாங்கும் என்று கொள்வோம். அரிசி 100 கிலோ, எண்ணெய் 30 கிலோ, பின் இருக்கையில் ஓர் ஆள் 70 கிலோ, ஆக 200 கிலோ. இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் அமுங்கும், மிச்சம் 110. அதே காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தி, விறைப்பை 2.4 கிலோவாகக் கூட்டினால் அமுக்கம் 42, மிச்சம் 88. நாலு விரல்கடை வேகத்தடையே அடியில் தட்டிவிடும். காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் உள்பக்கம் சாலை செங்குத்தாக எழுந்து, உடனே மட்டமாகும். வண்டியின் வயிறு உரசுவது அந்த இடத்தில்தான்.

தாழ்ந்த கார் வளைவில் குறைவாகச் சாயும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆதாயம் வேகத்தில் தெரிவது. கொண்டை ஊசியில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து போகிற நமக்கு அதனால் என்ன லாபம்?

பிரேக் விஷயத்தைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் பின் அச்சோடு இணைத்த ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுக்கும். ஸ்பிரிங்கால் தாழ்ந்த காலி வண்டியையும் அது பாரவண்டி என்றே நினைக்கும். மழையில் இறங்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டுவதானால், மட்டமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு முட்டுக் கொடுங்கள். முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்வரும் ஒன்றாகவே கழன்று வரும். உச்சியில் உள்ள நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கும் கிளாம்பு இரண்டு பக்கமும் போடாமல் ஒருபோதும் கழற்றக் கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் தாடையைப் பெயர்த்துவிடும், ஆளே போகவும் கூடும். கயிறு கட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்கிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிரேக் குழாய் தொங்கி இழுபடாமல் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் இரண்டையும் சரிபார்க்காவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும், வெளிச்சமும் சரியான இடத்தில் விழாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவு விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை ஓட்டிய பிள்ளைக்கல்ல, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதும் இதைத்தான்.

பிள்ளைகள் ஏற்கெனவே மாட்டிவிட்டிருந்தால், கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைக் காயலான் கடைக்குப் போடாமல், எது முன், எது பின், எது இடம், எது வலம் என்று சீட்டெழுதிக் கட்டி, கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிக் கிடங்கில் வையுங்கள். 15 ஆண்டு முடிந்து மறுபதிவுக்கு வண்டியைக் காட்டும்போது அவை தேவைப்படும்.