வேலைக்களமும் கலாசாலையே

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் அணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆற்று மணலில் அஸ்திவாரமிடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றார். வேலைக்களமே அவருக்குக் கலாசாலை.

பகலில் கட்டட வேலையை மேற்பார்த்து, இரவில் படித்து, 1920-ல் தோன்றிய இந்திய என்ஜினீயர்கள் ஸ்தாபனத்தின் பரீட்சையில் தேறிப் பட்டதாரிகளுக்கு நிகரானோர் அநேகர். 2013 மே 31-க்குப் பின் சேர்ந்தோருக்கு அந்த அங்கீகாரம் இல்லையென மத்திய சர்க்கார் விதித்தது. ஏழைத் தொழிலாளி ஏறிவந்த ஏணியை எடுத்துவிடுவது எவ்விதத்தில் நியாயம்?

2018 ஆகஸ்டில் காட்டனின் அணையில் ஒன்பது மதகுகள் இடிந்தன. பழைய அணைகளைக் காக்க, ஆற்றையும் கணக்கையும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும். ஆதலின் பரீட்சையைக் கடினமாக்குக. கதவை மட்டும் அடைக்கற்க. திருச்சியில் மாலை வகுப்புகளைப் பெருக்குவது சர்க்காரின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது நமது கடமை.