சவேரியார் பேழையின் மேல் இரண்டு சம்மனசுகள்

கோவாவுக்கு வரும் தமிழர்கள் தவறாமல் பார்க்கும் இடம், பழைய கோவாவில் உள்ள பாம் ஜீசஸ் ஆலயம். 1594-ல் கட்டத் தொடங்கி 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட கோவில் இது. புனித சவேரியாரின் உடல் இருக்கும் வெள்ளிப் பேழையைக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி விடுகிறார்கள் பலர். அங்குள்ள சிறகு முளைத்த உருவங்களை வெறும் அலங்காரம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. எழுத்தறியாத பக்தனும் படித்துக்கொள்ள வைத்த எழுத்துக்கள் அவை.

சிறகு ஏன்?

தேவதூதரைத் தமிழ்க் கத்தோலிக்கப் பெரியவர்கள் 'சம்மனசு' என்பார்கள். கிரேக்க மொழியில் இவர்களுக்குள்ள பெயரின் பொருளும் 'தூதன்' என்பதே. ஆதிக் கிறிஸ்தவ ஓவியங்களில் தூதருக்குச் சிறகு கிடையாது. சாதாரண மனிதராகவே வரைந்தார்கள். 4-ம் நூற்றாண்டின் இறுதியில்தான் சிறகு வந்தது. விண்ணிலிருந்து மண்ணுக்குச் செய்தி கொண்டு வருகிறவர் என்பதை ஒரே பார்வையில் சொல்ல அதைவிடச் சுலபமான அடையாளம் வேறில்லை.

பொன் பீடம்

பொன் முலாம் பூசிய பெரிய பீடத்தின் நடுவில் புனித இஞ்ஞாசியார் நிற்கிறார். அவருக்கு மேலே கதிர் வீசும் சூரியன், அதில் ஐ.எச்.எஸ். என்ற எழுத்துக்கள். இயேசுவின் கிரேக்கப் பெயரில் வரும் முதல் மூன்று எழுத்துக்கள் அவை. அதற்கும் மேலே பிதா, சுதன், பரிசுத்த ஆவி. கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால், அடியாரிலிருந்து ஆண்டவன் வரை படி ஏறியது போலாகும்.

எரியும் இருதயம்

வெள்ளிப் பேழை, 1636-37-ல் கோவாத் தட்டார்கள் செய்தது. அதன் உச்சியில் ஒரு சிலுவை, அதில் இரண்டு சம்மனசுகள். ஒருவர் கையில் எரியும் இருதயம். மற்றவர் கையில் ஒரு வாசகம்: "போதும் ஆண்டவரே, போதும்". கடவுளின் அன்பு நெஞ்சு கொள்ளாமல் பெருகியபோது சவேரியார் சொன்னதாக வழங்கும் வார்த்தை அது.

அந்த நெஞ்சில் தமிழுக்கும் இடம் இருந்தது. 1542-ல் கோவாவில் இறங்கிய சவேரியார், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்குப் போனார். ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணி, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். சிறகில்லாமல் கால்நடையாகவே செய்தி சொல்லிப் போன தூதர் அவர்.

அடுத்த முறை போகிறவர்கள், கும்பிட்ட பிறகு ஒரு நிமிடம் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.